சாலையின் அகவையும் சரக்குந்தின் எடையும்

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோ மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் ஒட்டாவா என்னும் சிறு நகரம் உள்ளது. 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை, அந்நகரின் அருகே எந்த ஊருக்கும் செல்லாத சாலைகளில் படைவீரர்கள் சரக்குந்துகளை ஓட்டிக்கொண்டே இருந்தனர். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக அவ்வோட்டம் நடந்தது. ஆறு வளையங்களாக அச்சாலைகள் போடப்பட்டிருந்தன. ஒரு வளையத்தில் ஊர்தி எதுவும் செல்லவில்லை. வெயிலும் மழையும் பனியும் மட்டும் சாலையை என்ன செய்யும் என்று அறிய அது ஒதுக்கிவைக்கப்பட்டது. மற்ற ஐந்தில், மிக மெல்லிய சுமை முதல் ஓர் அச்சுக்கு 30,000 பவுண்டு வரை, வளையத்துக்கு வளையம் எடை கூட்டப்பட்டது. ஆய்வு முடிந்தபோது, உடையாமல் எஞ்சிய பகுதிகளின்மீது 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுச் சுமைகள் உருண்டு கடந்திருந்தன. ஏனைய பகுதிகள் உடைந்துபோயின. உடையவேண்டும், உடைவதை அளக்கவேண்டும் என்பதற்காகவே 2 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் அச்சாலைகள் போடப்பட்டன.

இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் சாலையின் தடிமனைக் கணக்கிடும் பொறியாளர், அறிந்தோ அறியாமலோ அவ்வாய்வின் வழித்தோன்றலாகவே இருக்கிறார். நம் நாட்டின் நெறிமுறை நூல்களிலும் அதன் சாயல் தெளிவாக உள்ளது. ஊர்திகள் ஆண்டுதோறும் பெருகிவரும் இக்காலத்தில், போட்ட சாலையையும் கட்டிய பாலத்தையும் எவ்வாறு காப்பது என்னும் கேள்விக்கு விடை தேடுவோர் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஒட்டாவா ஆய்வில் முதலில் எழுந்த இடர் அளவுகோலைப் பற்றியது. சாலை கெட்டுவிட்டது என்று எப்போது சொல்வது? ஒருவருக்குக் குண்டும் குழியுமாகத் தெரிவது மற்றொருவருக்குப் பொறுத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கலாம். அவ்வாய்வில் பணியாற்றிய வில்லியம் கேரி, பால் ஐரிக் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். சாலை பயணிப்போருக்காகவே உள்ளது. ஆகவே பயணிப்போரே மதிப்பிடட்டும் என்றனர். ஒரு குழு பல சாலைகளில் பயணம் செய்து சுழியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டது. அம்மதிப்பெண்களைச் சாலையின் மேடுபள்ளம், வெடிப்பு, ஒட்டுவேலை ஆகிய அளவுகளோடு பொருத்திச் சமன்பாடு ஒன்று வகுக்கப்பட்டது. அதன்பின் குழுவினர் வரத் தேவையில்லை. கருவிகளின் அளவே மக்களின் தீர்ப்பைச் சொல்லிற்று. நலம், நலக்கேடு என்பவை எண்களாயின. எண்ணானதைத்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியும். வருங்காலத்துக்குக் கணிக்கவும் முடியும்.

இரண்டாம் முடிவே பெரிது. ஓர் அச்சின் எடை இரு மடங்கானால் அது சாலைக்கு இழைக்கும் கேடு இரு மடங்காவதில்லை. ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. எடையை நான்கு முறை தன்னோடு பெருக்கிவரும் அளவில் தேய்மானம் உயர்கிறது. இதனைப் பொறியாளர் நான்காம் அடுக்கு விதி என்பர். இது இயற்பியலின் அடிப்படையிலிருந்து வருவிக்கப்பட்ட விதியன்று, அளவீடுகளிலிருந்து திரட்டப்பட்டது. சாலையின் வகையையும் கேட்டின் வகையையும் பொறுத்து அவ்வடுக்கு சற்றே கூடும், குறையும். ஆயினும் அதன் போக்கை அறுபது ஆண்டுப் பட்டறிவு மறுக்கவில்லை.

இவ்விதியின் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். 18,000 பவுண்டு, அதாவது 8 டன்னுக்குச் சற்று மிகுந்த எடையுள்ள ஓரச்சைப் பொறியாளர் அளவுச் சுமையாகக் கொள்கின்றனர். மகிழுந்து ஒன்றின் அச்சு முக்கால் டன்னை ஒட்டியே இருக்கும். எடையில் பத்து மடங்கு வேறுபாடு. தேய்மானத்தில் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். பத்தாயிரம் மகிழுந்து அச்சுகள் செய்யும் கேட்டை ஒரு சரக்குந்தின் ஓர் அச்சு செய்துவிடுகிறது. ஆகவே சாலையில் நெரிசலை உண்டாக்குவோரும் சாலையைத் தேய்ப்போரும் வேறு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணித் திட்டமிடுவதில்தான் பல நெடுஞ்சாலைத் துறைகளின் தவறுகள் தொடங்குகின்றன. மகிழுந்துகள் பெருகினால் இடம் போதாது. சுமையுந்துகள் பெருகினால் தடிமன் போதாது.

2018 சூலையில் இந்திய ஒன்றிய அரசு, நான்கு சக்கரங்கள் கொண்ட ஓரச்சுக்கு ஒப்பளிக்கப்பட்ட எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. உயர்வு பதின்மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. நான்காம் அடுக்கு விதிப்படி அந்த அச்சு இழைக்கும் தேய்மானமோ அறுபது விழுக்காட்டுக்கு மேல் மிகுகிறது. ஓர் ஓட்டத்தில் மிகுதியாக ஏற்றினால் ஓட்டங்களின் எண்ணிக்கை குறையும் என்பது மெய்யே. ஆனால் அக்குறைவு இம்மிகுதியை ஈடுசெய்யாது. சரக்குப் போக்குவரவின் செலவைக் குறைக்க அரசு அவ்வாறு முடிவெடுத்ததில் ஏரணம் உண்டு. மிச்சமான பணம் சரக்கின் உரிமையாளரையும் சுமையுந்துக்காரரையும் சேர்ந்தது. தேய்ந்த சாலையின் செலவு பொதுக் கருவூலத்தைச் சேர்ந்தது. அந்த இரண்டாம் கணக்கையும் அன்றே எழுதியிருக்கவேண்டும் என்பது என் துணிபு. ஒப்பளித்த எடையையும் மீறி ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் சாலைகளில் எவ்வளவு பரவியது என்பதை நெடுஞ்சாலைப் பொறியாளர் எவரும் அறிவர்.

எடையைக் குறைக்காமலே கேட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதே சுமையை மிகுதியான அச்சுகளின்மீது பகிர்ந்துவிடுவது. ஒரு சுமையை ஓர் அச்சிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் ஒவ்வோர் அச்சும் பதினாறில் ஒரு பங்கு கேடே செய்யும். இரண்டும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இவ்வறிவைச் சட்டமாக்கியது. அங்கே பேரெடைச் சுமையுந்துகள் எடைக்கும் ஓடிய தொலைவுக்கும் ஏற்ப வரி செலுத்துகின்றன. 80,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையில், அச்சுகளின் எண்ணிக்கை கூடுமானால் வரி குறைகிறது. உரிமையாளர் தம் ஆதாயத்தை நாடும்போதே சாலையும் காக்கப்படுகிறது. அறிவியல் ஆட்சியில் கலந்த இத்தகைய எடுத்துக்காட்டுகள் உலகில் மிகச் சில.

சுமை சாலையை எவ்வாறு தேய்க்கிறது என்பதையும் காணவேண்டும். தார்ச்சாலை என்பது நாம் பார்க்கும் கரிய பரப்பு மட்டுமன்று. அடியில் இறுக்கிய மண். அதன்மேல் சரளையும் உடைகல்லும் சேர்ந்த அடுக்குகள். அவற்றின்மேல் தாரும் சல்லியும் கலந்த மேலடுக்கு. சக்கரம் ஏறும்போது மேலடுக்கு மிகச் சிறிதளவு, நலமான சாலையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, வளைந்து தாழ்கிறது. வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. சக்கரம் கடந்ததும் மீள்கிறது. பல இலட்சம் முறை இழுபட்டு மீண்டபின் அடிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு தோன்றி மேல்நோக்கி வளர்கிறது. இதற்கிடையே கதிரவனின் வெப்பமும் காற்றிலுள்ள உயிர்வளியும் தாரின் நெகிழ்வைப் போக்கி அதனை முறியும் தன்மையுடையதாக்குகின்றன. ஊர்தியே செல்லாத சாலையும் இவ்வாறு மூப்படையும்.

வெடிப்பு மேற்பரப்பை எட்டியதும் நீர் உள்ளே இறங்குகிறது. அதன்பின் கேடு விரைகிறது. நீர் கல்லிலிருந்து தாரைப் பிரிக்கிறது. அடியிலுள்ள சரளையின் வலுவைக் கெடுக்கிறது. நனைந்த அடுக்கின்மீது சக்கரம் ஏறும்போது, அகப்பட்ட நீர் அழுத்தத்தால் பீறிட்டு நுண்மண்ணையும் வெளியே கொணர்கிறது. மழைக்காலத்தில் வெடிப்புகளின் ஓரத்தில் சேற்றுக் கறை தென்படுமானால், அச்சாலையின் அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சாலைப் பொறியியலில் வடிகாலுக்கு நிகரான காப்பு வேறில்லை. சாலையின் இருபுறமும் உள்ள கால்வாயைத் தூர்வாரும் தொழிலாளியின் மண்வெட்டி, பல நேரங்களில் மேலே போடும் புதுத் தாரைவிட மிகுந்த ஆண்டுகளைச் சாலைக்கு ஈட்டித்தருகிறது.

நெரிசலுக்கும் தேய்மானத்துக்கும் மறைவான தொடர்பு ஒன்றும் உண்டு. தார் விந்தையான பொருள். விரைந்து கடக்கும் சுமைக்கு அது விறைப்பாக நிற்கும். மெல்ல ஊர்ந்து அழுத்தும் சுமைக்குக் குழைந்து ஒதுங்கும். ஆகவேதான் பேருந்து நிறுத்தங்களிலும் சுங்கச் சாவடிகளின் முன்னும் போக்குவரவுச் சைகை விளக்குகளின் அருகிலும் சக்கரத் தடம் பள்ளமாகி, இருபுறமும் தார் வரம்பு கட்டி நிற்பதைக் காண்கிறோம். ஊர்திகள் பெருகி, வேகம் குறைந்து, சுமையுந்துகள் வெயிலில் ஊரும் நிலை வருமானால், முன்பு அவ்விடர் இல்லாத நெடுஞ்சாலையிலும் அப்பள்ளங்கள் தோன்றும். கோடைப் பகலில் சாலையின் பரப்பு 60 பாகை செல்சியசை எட்டும் நம் நாட்டில் இது சிறு கேடன்று. சாவடிகளின் முன் கற்காரைத் தளம் போடப்படுவது இதற்காகத்தான்.

உள்ளே நிகழும் கேட்டை வெளியே தெரியுமுன் அறிய முடியுமா? முடியும். 1950களின் தொடக்கத்தில் ஐடகோ மாநிலத்தில் நடந்த சாலை ஆய்வில் பெங்கெல்மன் என்னும் பொறியாளர் ஒரு நீண்ட நெம்புகோலை உருவாக்கினார். சுமையேற்றிய உந்தின் இரட்டைச் சக்கரங்களுக்கிடையே அதன் நுனியை வைத்து, உந்து நகர்ந்ததும் சாலை எவ்வளவு மீள்கிறது என்று அளப்பர். மிகுதியாக மீண்டால் அடித்தளம் நலிந்துள்ளது. அக்கோல் இன்றும் இந்தியாவின் நெறிமுறைகளில் இடம்பெற்றுள்ளது. அதற்கென 8,170 கிலோகிராம் பின்னச்சுச் சுமை வகுக்கப்பட்டுள்ளது. விழும் எடையால் தட்டிப் பார்க்கும் கருவிகள் பின்னர் வந்தன.

பரப்பின் மேடுபள்ளத்தை அளக்க நாட்டுக்கு நாடு வெவ்வேறு கருவிகள் இருந்த குழப்பத்தை 1982இல் பிரேசிலியா நகரில் நடந்த பன்னாட்டு ஆய்வு தீர்த்தது. அங்கே வகுத்த குறியெண் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஊர்தியின் தொங்கமைப்பு எத்தனை மீட்டர் ஏறியிறங்குகிறது என்பதைச் சொல்கிறது. அமெரிக்காவில் அது 1.5க்குக் கீழிருந்தால் நல்ல சாலை; 2.7க்கு மேலானால் தாழ்ந்த சாலை. அக்காலத்தையொட்டி உலக வங்கியின் துணையோடு கென்யா, பிரேசில், கரீபியத் தீவுகள், இந்தியா ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையை எண்களால் நிறுவின. சாலையைப் போடவும் பேணவும் அரசு செலவிடும் தொகையைவிட, போக்குவரவு மிகுந்த சாலையில் பயணிப்போர் எரிபொருளுக்கும் சக்கரப் பட்டைக்கும் உதிரிக்கும் செலவிடும் தொகை பன்மடங்கு. அரசு பேணலை ஒத்திவைத்து மிச்சப்படுத்துவதாகக் காட்டும் ஒவ்வொரு உரூபாயும் மக்களின் பையிலிருந்து கூடுதலாக எடுக்கப்படுகிறது. அது எந்த வரவு செலவு அறிக்கையிலும் தெரிவதில்லை.

இனி, இக்கட்டுரையின் நடுவான செய்திக்கு வருவோம். புதிய சாலை தொடக்கத்தில் மெல்லக் கெடுகிறது. பல ஆண்டுகள் நலமாகவே காட்சியளிக்கும். பின் ஒரு கட்டத்தில் சரிவு செங்குத்தாகிறது. சில ஆண்டுகளில் மீட்க முடியாத நிலையை அடைகிறது. செங்குத்துச் சரிவுக்கு முன் வெடிப்புகளை அடைத்து மெல்லிய மேலடுக்கைப் போட்டால் செலவு சிறிது. சரிவுக்குப் பின் அடித்தளம் வரை தோண்டி எழுப்பவேண்டும். செலவு பல மடங்கு. எனினும் மன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் எழும் குரல், எது மிகக் கெட்ட சாலையோ அதை முதலில் சரிசெய் என்பதே. கேட்பதற்கு அது அறமாகத் தோன்றுகிறது. அவ்வாறு செய்தால் உள்ள பணம் முழுவதும் ஏற்கெனவே இறந்த சில சாலைகளை எழுப்புவதில் தீர்ந்துபோகும். அதற்குள் நலமாயிருந்த பல சாலைகள் சரிவைக் கடந்துவிடும். அடுத்த ஆண்டு பட்டியல் நீளும். நலமாயிருக்கும் சாலைக்கு முதலில் செலவிடு என்று அறிவியல் சொல்வதை மக்களிடம் எடுத்துச்சொல்லும் துணிவுள்ள ஆட்சியாளர் அரியர்.

அரிசோனா மாநிலம் அத்துணிவைக் காட்டியது. ஏறத்தாழ 7,400 மைல் நீளமுள்ள தன் நெடுஞ்சாலைகளுக்காக அது 1980இல் ஒரு கணித முறையைக் கையாளத் தொடங்கியது. கமால் கோலாபி, ராம் குல்கர்ணி, சார்ச்சு வே ஆகியோர் அதை வகுத்தனர். அம்முறை கேட்ட கேள்விகள் மூன்று. ஒவ்வொரு மைலும் இன்று எந்நிலையில் உள்ளது? இன்ன வேலை செய்தால், அல்லது ஒன்றும் செய்யாவிட்டால், அடுத்த ஆண்டு எந்நிலையில் இருக்கும் என்பதற்கு நிகழ்தகவு எவ்வளவு? சாலைகளின் நலத்தைக் குறித்த அளவுக்குக் குறையாமல் காக்க மிகக் குறைந்த செலவு எது? சாலை எப்போது கெடும் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டே, அவ்வுறுதியின்மையைக் கணக்கினுள் சேர்த்ததுதான் அம்முறையின் சிறப்பு. முதல் ஆண்டிலேயே 1 கோடியே 40 இலட்சம் டாலர் மிச்சமாயிற்று. மாநிலத்தின் சாலைப் பேணல் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. சாலைகள் மிகவும் கெடும்வரை காத்திருந்ததும், கெட்டபின் தேவைக்கு மிஞ்சிய தடிமனில் மேலடுக்குப் போட்டதும் முந்தைய வீணுக்கு அடிப்படை என்பது கணக்கில் வெளிப்பட்டது. பொறியாளரின் அச்சம் தடிமனை மிகுத்திருந்தது. காத்திருப்பு அவ்வச்சத்தை வளர்த்திருந்தது.

ஆனால் அமெரிக்காவின் பெருஞ்சாலைச் சட்டமே பேணலுக்கு இடந்தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1956 சூன் 29 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒப்பமிட்ட சட்டம் 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களிடைச் சாலைகளுக்கு வழிவகுத்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறை நடுவணரசு ஏற்றது. எரிபொருள் வரியிலிருந்து தனி நிதியம் ஒன்றும் தோன்றியது. அப்பணம் கட்டுவதற்கு மட்டுமே. பேணுவது மாநிலங்களின் தலையில் விழுந்தது. சாலைகள் 1975ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்பட்ட போக்குவரவுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டன. அந்த ஆண்டு வந்தபோது நாட்டின் ஊர்திகள் ஓடிய மொத்தத் தொலைவு 1956இல் இருந்ததைப் போல் இரு மடங்காகியிருந்தது. 1976இல்தான் மேலடுக்குப் போடவும் சீரமைக்கவும் நடுவண் நிதியைப் பயன்படுத்தச் சட்டம் இடமளித்தது. இருபது ஆண்டுகள், புதிதாகக் கட்டினால் பணம் வரும், உள்ளதைக் காத்தால் வராது என்னும் நிலை மாநிலங்களுக்கு இருந்தது. பணம் வரும் திசையில் ஆட்சி நடந்தது.

நம் முன்னோர் இவ்வகையில் தெளிந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுகிறது. வெட்டிய ஏரியைக் காக்கும் பொறுப்புக்கென்றே ஆண்டுதோறும் குடவோலையால் ஆட்களைத் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. நீர்நிலை வெட்டிய மன்னனின் மெய்க்கீர்த்திக்கு இணையான இடத்தைப் பேணும் குழுவுக்கும் கல்லில் கொடுத்த மரபு அது. இன்றைய நெடுஞ்சாலைக்கு அத்தகைய வாரியம் எங்கே?

பாலங்களில் பேணலின் தவறு உயிர்களால் கணக்கிடப்படுகிறது. ஒகையோ ஆற்றின்மீது 1928இல் கட்டப்பட்ட வெள்ளிப் பாலம், 1967 திசம்பர் 15 மாலையில், ஊர்திகள் நிறைந்திருந்தபோது இடிந்து வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அப்பாலம் எஃகுக் கம்பிவடங்களால் தாங்கப்படவில்லை. கண்துளையிட்ட எஃகுச் சட்டங்களைக் கோத்த சங்கிலியால் தாங்கப்பட்டது. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே சட்டங்கள். அவற்றுள் ஒன்றில், துளையின் உட்புறத்தில், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமுள்ள வெடிப்பு நாற்பது ஆண்டுகளில் துருவாலும் இழுவிசையாலும் வளர்ந்திருந்தது. மூட்டைப் பிரிக்காமல் அதைக் கண்ணால் காண வழியில்லை. ஒரு சட்டம் முறிந்ததும் மற்றதும் நழுவியது, சங்கிலி அறுந்தது. பாலம் வடிவமைக்கப்பட்ட நாளில் ஓடிய மகிழுந்துகளைவிட அது வீழ்ந்த நாளில் ஓடியவை இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளவை. அக்கேட்டுக்குப் பின்னரே, 1971இல், நாடெங்கும் பாலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆயவேண்டும் என்னும் நெறி பிறந்தது. அதுவரை அத்தகைய நெறியே அந்நாட்டில் இல்லை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

1983 சூன் 28 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் மியானசு ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின் அறுந்து விழுந்தது; மூவர் இறந்தனர். பத்து ஆண்டுகளுக்கு முன் சாலை வேலையின்போது பாலத்தின் வடிகால் துளைகள் மூடப்பட்டிருந்தன. போக வழியற்ற நீர் மூட்டுகளின் வழியே கசிந்தது. இடுக்கில் சேர்ந்த துரு பருத்து, தாங்கும் தகட்டை அதன் முளையிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டது. செய்த பேணல் வேலையே மறந்த வடிகாலால் கேடாயிற்று.

மினியாப்பொலிசு நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் பாலம் 1967இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 ஊர்திகள் அதில் சென்றன. 2007 ஆகத்து 1 அன்று மாலை 6 மணியளவில் அது இடிந்தது. 13 பேர் இறந்தனர், 145 பேர் காயமுற்றனர். சட்டங்களைப் பிணைக்கும் இணைப்புத் தகடுகள் சில, ஓர் அங்குலத் தடிமன் இருக்கவேண்டிய இடத்தில் அரை அங்குலமே இருந்தன. வடிவமைப்பில் நேர்ந்த பிழை அது. நாற்பது ஆண்டுகள் அப்பாலம் அப்பிழையோடு நின்றது. இதற்கிடையே தளத்தின்மீது இரண்டு அங்குலக் கற்காரை கூட்டப்பட்டது; தடுப்புச் சுவர்கள் கனமாயின. இறுதி நாளில், தளத்தைப் புதுப்பிக்க வந்த மணலும் சல்லியும் பொறிகளும் 260 டன்னளவு நலிந்த இடத்தின்மேல் குவிக்கப்பட்டிருந்தன. பாலத்தை ஆய்ந்தோர் துருவையும் வெடிப்பையும் தேடினர். தகட்டின் தடிமன் போதுமா என்று மீண்டும் கணக்கிட எவரும் கேட்கப்படவில்லை. பேணல் என்பது பார்த்தலோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. எடை கூடும்போதெல்லாம் பழைய கணக்கைத் திறந்து பார்க்கவேண்டும்.

அமெரிக்காவில் 2012இல் வந்த சட்டம் ஒவ்வொரு மாநிலமும் தேசிய நெடுஞ்சாலை அமைப்பின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் இடர் சார்ந்த பேணல் திட்டம் எழுதவேண்டும் என்று கட்டளையிட்டது. மாநிலத்தில் அவ்வமைப்புக்குரிய பாலத் தளப் பரப்பில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மூன்று ஆண்டு தொடர்ந்து குறைபாடுற்றிருந்தால், நிதியின் ஒரு பகுதியைப் பாலங்களுக்கென ஒதுக்கியே ஆகவேண்டும். நல்ல சட்டம். ஆயினும் நிதியின் ஊற்று வற்றிவருகிறது. கேலனுக்கு 18.4 சென்ட்டு என்னும் நடுவண் பெட்ரோல் வரி 1993 முதல் உயரவில்லை. 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்து இட்டு நிரப்புகின்றனர். மின்னூர்தி அவ்வரியைச் செலுத்துவதே இல்லை. மின்கல அடுக்கால் அதன் எடையோ கூடுதல்.

பெருகும் போக்குவரவுக்குத் தடங்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்பர். ஊசுட்டன் நகரின் கேட்டி விரைவுச்சாலை 2008இல், ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில், பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்களாக விரிந்தது. சில ஆண்டுகளிலேயே உச்சநேரப் பயணம் மீண்டும் நீண்டது. டுராண்டன், டர்னர் என்னும் பொருளியலார் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நகரங்களில் மாநிலங்களிடைச் சாலைத் தடங்களின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஊர்திகள் ஓடும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே கூடுகிறது என்று காட்டியது. நெரிசல் தீரவில்லை, பேணவேண்டிய பரப்பு மட்டும் நிலைத்தது. ஊர்களை இணைக்கச் சாலையே இல்லாத இடத்தில் இவ்வாதம் பொருந்தாது. இருக்கும் சாலையை நகருக்குள் விரிக்கும்போது, அவ்விரிவை முப்பது ஆண்டு காப்பதற்கான தொகையையும் சேர்த்தே அதன் விலையைச் சொல்லவேண்டும்.

இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2014இல் 91,287 கிலோமீட்டர். 2024இல் 1,46,000 கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் சாலை நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடே ஆன இவை, போக்குவரவில் நாற்பது விழுக்காட்டைத் தாங்குவதாக அரசு சொல்கிறது. பத்தாண்டில் இவ்வளவு கட்டிய நாடு இன்னும் சில ஆண்டுகளில் அச்சாலைகள் ஒரே காலத்தில் மூப்படைவதைக் காணப்போகிறது. அமெரிக்கா 1970களில் கண்டது இதுவே. அறிவியல் நம்மிடம் உள்ளது. இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிநூல்களில் அச்சுச் சுமைக் கணக்கும் தேய்மானக் கணக்கும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. நிதியறிக்கைகளில் அவற்றுக்குரிய இடம் வேண்டும்.

படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்குப் புதிய சாலையோ பாலமோ வரும்போது, அதன் நீளத்தையும் செலவையும் கேட்பதோடு நில்லாதீர்கள். அதை ஆண்டுதோறும் யார் ஆய்வார், பேணலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது, ஆய்வின் எண்கள் எங்கே வெளியிடப்படும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.